கடல் மட்டத்தைக் கணக்கிட்ட கைகள்

ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து இந்த ஊர் இத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. நம்மில் பலரும் அதைப் படித்தபடியே வளர்ந்தோம். எந்தக் கடல், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நிமிடம்கூட ஒரே இடத்தில் நிற்காத ஒன்றுக்கு மட்டம் எங்கிருந்து வந்தது?

அது 1909-இல் வந்தது. அந்த ஆண்டு இந்திய நில அளவைத் துறை நாடு முழுமைக்குமான உயரக் கணக்கைச் சரிசெய்தபோது, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயின்ட். ஒன்பதில் இரண்டு நம்முடைய கரை. ஒன்று இன்று வேறொரு நாட்டில் இருக்கிறது.

இந்தத் துறைமுகங்களில் நின்ற கருவிக்கு ஓதமானி என்று பெயர். கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பழந்தமிழ் ஓதம் என்றது. என் மாணவியருக்கு ஓதம் என்றால் மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரம். அவர்கள் சொல்வதும் தவறில்லை, நீர் ஏறுவதுதானே இரண்டும். கருவி மிக எளியது. கடலுக்குள் நிறுத்திய செங்குத்தான குழாய். அடியில் சிறு துளை. அலையின் குதிப்பு உள்ளே வராது, நீர் மட்டுமே மெல்ல ஏறி இறங்கும். நீரில் ஒரு மிதவை, மிதவையில் கட்டிய கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு பேனா. கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த பேனாக்கள் அந்தக் கடல் நடுக்கத்தையும் எழுதிவைத்தன. ஓதமானிப் பணிக்குப் பொறுப்பாக இருந்த பெயர்டு என்ற ராணுவ அதிகாரி அதைப் பற்றித் தனியறிக்கையே எழுதினார்.

கருவியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தத் தாளை விட்டுப் போக மனமில்லை. பேனா வெறும் கோட்டைத்தான் இழுத்தது. கோட்டை எண்ணாக மாற்ற ஒருவர் அளவுகோலோடு உட்கார வேண்டும். மணிக்கு ஓர் அளவு என்றால் நாளுக்கு 24, ஆண்டுக்கு 8,760. அதைப் படித்து, எழுதி, கூட்டி, சரிபார்த்து, மறுபடி கூட்ட வேண்டும். ஒரு துறைமுகத்துக்கு ஓராண்டு வேலை இது. இந்த வேலையைச் செய்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பதவிப் பெயர் இருந்தது: கம்ப்யூட்டர்.

அந்தச் சொல் ஒரு மனிதரைக் குறித்த காலம் ஒன்று இருந்தது. இந்திய நில அளவைத் துறையில் ராதாநாத் சிக்தர் 1831-இல் வேலைக்குச் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் என்ற பதவியில்தான். இங்கே அந்தப் பதவி ஆண்களுக்கானதாக இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த நாற்காலியில் பெண்கள் அதிகமாக உட்காரத் தொடங்கினார்கள். பொறுமையான வேலை, பெண்களுக்கு ஏற்றது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. குறைந்த சம்பளத்துக்கு வந்தார்கள் என்பது அதைவிட நேரான காரணம்.

ஓதம் அவ்வளவு சிக்கலான கணக்கு ஏன் என்றால், அது ஒற்றை அலையல்ல. நிலவின் இழுப்பில் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஏற்றம் ஒன்று, சூரியனுடையது ஒன்று, நிலவு நெருங்குவதாலும் விலகுவதாலும் வருபவை, அதன் பாதை சாய்ந்திருப்பதால் வருபவை என்று பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் மறுபடி கூட்டி வருங்காலத்தைச் சொல்லலாம். இந்தக் கூட்டலைச் செய்யும் இயந்திரத்தை 1870-களில் கெல்வின் உருவாக்கினார். 1879-இல் லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்துக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கப்பிச் சக்கரம். எல்லாச் சக்கரங்களின் மேலும் கீழும் ஓடும் ஒரே கம்பி. கைப்பிடியைச் சுழற்றினால் கம்பியின் நுனி வரப்போகும் ஆண்டின் கடலை வரையும். நம் துறைமுகங்களின் ஓத அட்டவணை லண்டனில் சுழன்ற பித்தளைச் சக்கரங்களிலிருந்து கப்பலேறி வந்தது. பேரரசுக்குக் கடலின்மேல் இருந்த அக்கறை சரக்குக் கப்பலின் அடித்தட்டு தரைதட்டக் கூடாது என்பதுதான்.

1919-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஓத ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. ஜோசப் பிரவுட்மனும் ஆர்தர் டூட்சனும் அதன் தூண்கள். டூட்சன் காது கேளாதவர், கணக்கில் அசாத்தியமானவர், ஓதத்துக்குள் 388 தனித்தனி அலைகள் இருப்பதை 1921-இல் பிரித்துக் காட்டியவர். பின்னர் இந்த நிறுவனம் பிட்ஸ்டன் குன்றின் மேலிருந்த வானாய்வகத்தோடு இணைந்தது. அங்கே மேசை மேசையாக உட்கார்ந்து கணக்கிட்டவர்களும் இயந்திரங்களை இயக்கியவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். உலகின் பல மூலைகளிலிருந்த துறைமுகங்களின் அடுத்த ஆண்டு ஓதம் அவர்கள் கைவழியாக அச்சுக்குப் போனது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், பிரிட்டிஷ் கடற்படையின் ஓதப் பிரிவிலிருந்து டூட்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரில்லாத ஓரிடத்துக்கு, 1944 ஏப்ரலிலிருந்து நான்கு மாதங்களுக்கு, மணிவாரியாகக் கடலின் உயரம் வேண்டும். இடத்துக்குக் குறிப்பெயர் ‘இசட்’. அது நார்மண்டிக் கரை. தாழ்ந்த ஓதத்தில் கரையின் தடைகள் வெளியே தெரிய வேண்டும், அது விடியலை ஒட்டி அமைய வேண்டும், பிறகு நீர் ஏற வேண்டும், முந்தைய இரவில் நிலவொளி வேண்டும். இத்தனையும் பொருந்திவரும் நாட்கள் மிகச் சில. ஜூன் 6 அவற்றில் ஒன்று. குண்டுவீச்சில் இரண்டும் சேர்ந்து அழிந்துவிடக் கூடாதென்று கெல்வின் இயந்திரத்தையும் ராபர்ட்ஸ் இயந்திரத்தையும் தனித்தனி இடத்தில் வைத்திருந்தார்கள். டூட்சனுக்கே இடத்தின் பெயர் சொல்லப்படவில்லை என்றால் சக்கரத்தின் முன் உட்கார்ந்த பெண்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒரு கரையில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பதைத் தீர்மானிக்கும் எண்களை, எந்தக் கரை என்று தெரியாமலே அவர்கள் குறித்தார்கள்.

இந்தக் கதையைப் பெண்களின் வெற்றிக் கதையாகச் சொல்லும் ஆசை நமக்கு வரும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அவர்கள் அனைவரும் மறைக்கப்பட்ட மேதைகளல்லர். சிலர் கணக்கை நேசித்திருப்பார்கள். சிலருக்கு அது பள்ளி முடித்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு வேலை. மேதையாக இருந்தால்தான் ஒருத்தியின் பெயரைத் தேடுவோம் என்றால், ஆண்கள் எழுதிய அறிவியல் வரலாற்றின் அளவுகோலையே நாமும் கையில் எடுத்திருக்கிறோம் என்று பொருள். 8,760 எண்களைப் பிழையில்லாமல் கூட்டியது போதும். அதன்மேல்தான் எல்லாம் நிற்கிறது.

நான் தமிழ் படித்தவள்; கடல் என்றதும் நெய்தல்தான் முதலில் வரும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். அவன் போய்விட்டான், அவள் கரையில் இருக்கிறாள். ஆனால் அந்தப் பாடல்களுக்குள்ளேயே உப்பு விற்றுப் போகும் உமணப் பெண்கள் இருக்கிறார்கள், காயும் மீனைப் பறவையிடமிருந்து காப்பவர்கள் இருக்கிறார்கள். கரையில் இருத்தல் என்பதைக் காத்திருத்தல் என்றே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பிட்ஸ்டன் குன்றின் பெண்களும் கரையில் இருந்தவர்கள்தான். கப்பலேறவில்லை. உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று இருக்கிறது. ஓதத்தை முன்கூட்டிச் சொல்வதுதான் நோக்கம். சராசரி மட்டம் வழியில் கிடைக்கும் ஓர் எண். எல்லா மணிநேர உயரங்களையும் கூட்டி வகுத்தால் ஏற்றமும் வற்றமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிச்சமாக நிற்பது அது. மிச்சத்தையும் யாராவது சேர்த்துவைக்க வேண்டாமா? 1933-இல் உலகத் துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தைத் திரட்டிவைக்கும் பணி லிவர்பூலில் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்தின் எண்ணும் அதன் உள்ளூர் அடையாளக் கல்லோடு பொருத்தப்பட்டு, சராசரிக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர் கீழே ஓர் ஆதாரத்தை வைத்து எழுதப்படுகிறது. ஏன் 7,000? கூட்டும்போது கழித்தல் குறி வரக் கூடாது, அவ்வளவுதான். கையால் கூட்டிப் பார்த்தவர்களின் அனுபவம் அந்த எண்ணில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பருவநிலை மாற்றம் என்ற சொல் நம் பேச்சுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அதன் சாட்சி மிச்சக் கணக்காக அலமாரியில் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த அலமாரி இன்று சொல்வது இதுதான். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு இது. பழைய நூற்றாண்டின் வேகம் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று 2015-இல் கார்லிங் ஹே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். நல்ல செய்திபோலக் கேட்கும். அன்று மெதுவாக ஏறியது என்றால் இன்றைய வேகம் நாம் நினைத்ததைவிடப் பெரிய பாய்ச்சல் என்றாகிறது.

ஆனால் ஓதமானிக்கு இரண்டு குறைகள். அது கரையில் மட்டுமே நிற்கும். நடுக்கடலில் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. அடுத்தது, அது அளப்பது தான் நிற்கும் நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான தூரத்தை. நிலம் இறங்கினால் கடல் ஏறியதாகவே காட்டும். இந்த இரண்டையும் தாண்ட மேலே போக வேண்டியிருந்தது.

கிளாடிஸ் வெஸ்ட் 1930-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஒரு கறுப்பின உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாய் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வயலையும் தொழிற்சாலையையும் விட்டு வெளியேறும் ஒரே கதவு படிப்பு என்று அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது. பள்ளியில் முதலிடம் பெற்று, உதவித்தொகையில் கணிதம் படித்தார். சில காலம் ஆசிரியராக இருந்தார். 1956-இல் டால்கிரனில் இருந்த கடற்படை ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே வேலைக்கு எடுக்கப்பட்ட இரண்டாவது கறுப்பினப் பெண் அவர். அப்போது அந்த மையத்தில் இருந்த கறுப்பினப் பணியாளர்கள் மொத்தமே நான்கு பேர். கையால் கணக்கிடும் வேலையிலிருந்து, கணக்கிடும் பெரிய இயந்திரத்துக்கு நிரல் எழுதும் வேலைக்கு அவர் நகர்ந்தார். கம்ப்யூட்டர் என்ற சொல்லும் அதே காலத்தில்தான் மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு நகர்ந்தது.

1978-இல் சீசாட் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கடலை ரேடாரால் அளந்த தொடக்கக் கோள்களில் அது ஒன்று. சுமார் 105 நாட்களே உயிரோடிருந்தது. அதன் ரேடார் தரவுகளைச் செயலாக்கும் திட்டத்துக்கு வெஸ்ட் பொறுப்பாளர். கோள் கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்பும்; அது கடலில் பட்டுத் திரும்பும்; போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தோடு பெருக்கிப் பாதியாக்கினால் உயரம். சொல்ல எளிது. காற்றிலுள்ள ஈரம் துடிப்பைத் தாமதப்படுத்தும். அலை கலங்கடிக்கும். கோளே இம்மியளவு தடம் விலகும். எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் கடலின் உண்மையான உருவம் கிடைக்கும். அந்த உருவம் வழவழப்பான பந்தல்ல. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் கடலில் மேடும் பள்ளமும் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடற்பரப்பு, கணித உருண்டை சொல்லும் இடத்தைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. கப்பலில் போனால் தெரியாது. நீருக்கு அதுதான் சமதளம். அந்தப் பள்ளம் எப்படி வந்ததென்று 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அத்ரேயி கோஷ் தன் மாணவர் தேபாஞ்சன் பாலுடன் சேர்ந்து விளக்கினார்: கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் மறைந்த டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்ததும், அதனால் ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான பாறைக் குழம்பு எழுந்து பரவியதும் காரணம் என்று.

பூமியின் இந்த மேடுபள்ள உருவைத் துல்லியமாக்கிய கணக்குகளுக்காக, 2018-இல் அமெரிக்க விமானப்படை வெஸ்டைக் கௌரவித்தது. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். அந்த உருவைச் சார்ந்திருப்பதால் அவரை ஜி.பி.எஸ்ஸின் தாய் என்று எழுதத் தொடங்கினார்கள். ஆண் ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால் முன்னோடி என்பார்கள். பெண் என்றால் உடனே தாயாக்கிவிடுவார்கள். அவர் கணக்கர், திட்டப் பொறுப்பாளர், நிரலாளர். நாற்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று, பக்கவாதம் தாக்கிய பிறகும் படித்து, எழுபது வயதில் முனைவர் பட்டம் வாங்கியவர். பயணம் போகும்போது காகித வரைபடத்தையே அவர் விரும்பினார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

அவர் வேலை பார்த்தது ஆயுத ஆய்வு மையம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏவுகணை குறிதவறாமல் விழவும் பூமியின் துல்லியமான உருவம் தேவை. நார்மண்டி ஓதமும் போர்க் கணக்குதான், இந்திய ஓத அட்டவணையும் பேரரசுக் கணக்குதான். கடலை அளக்கப் பணம் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்கள் உழைப்பை மீட்டெடுக்கும்போது இதை மட்டும் உதிர்த்துவிட நமக்கு உரிமையில்லை.

1992 ஆகஸ்டில் டோபெக்ஸ் பொசைடன் ஏவப்பட்ட பிறகுதான் கடல் மட்டத்துக்குத் தொடர்ச்சியான விண்வெளிக் கணக்கு தொடங்கியது. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ பத்து நாளுக்கொரு முறை அதே பாதைக்கு அது திரும்பி வந்தது. பிறகு ஜேசன் வரிசை, 2020-இல் சென்டினல்-6. நடுவே 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து அனுப்பிய சரள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 வங்கக் கடலுக்கு மேலே கடந்தது. நடுக்கடலில் சுனாமியின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அதன் ரேடார் பதிந்தது. முழங்கால் அளவு. அதே நீர்தான் கரையில் என்னவாயிற்று என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணைக் கணக்கிட்டு எடுத்தது பிறகுதான். எச்சரிக்கையாக அது யாருக்கும் போய்ச்சேரவில்லை.

இந்தக் கோள்களின் எண்களைக் கடல் மட்ட வரலாறாக மாற்றியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் அனி கஸனாவ். 1944-இல் பிறந்தவர், துலூஸ் நகரில் பணிபுரிந்தவர், பருவநிலைக் குழுவின் இரண்டு அறிக்கைகளில் கடல் மட்ட அத்தியாயத்தை எழுதியவர்களில் ஒருவர். கடல் ஏறுகிறது என்பதோடு நிற்காமல் எதனால் எவ்வளவு என்று பிரித்துக் கணக்குக் காட்டியது அவருடைய பெரும்பணி. சூடேறிய நீர் விரிவதால் இவ்வளவு, பனியாறுகள் உருகுவதால் இவ்வளவு, கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இழப்பதால் இவ்வளவு. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த முறை புரியும்: வந்ததும் போனதும் பொருந்தவில்லையென்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

கோளுக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. அதன் ரேடார் ஒளி கடலில் சில கிலோமீட்டர் அகலத்துக்கு விழுகிறது. கரையை நெருங்கும்போது நிலம் அதற்குள் கலந்துவிடுவதால் எதிரொலி குழம்பிப்போகிறது. ஆக, மனிதர்கள் வாழும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்தான் அதன் கண்ணுக்கு மங்கல். ஓதமானி அங்கே இருக்கிறது, ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் தள்ளி. கோளின் கருவி காலப்போக்கில் பிசகுகிறதா என்பதையும் ஓதமானியோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். டோபெக்ஸின் முதல் ஆறேழு ஆண்டுப் பிசகு அப்படித்தான் திருத்தப்பட்டது. வயது எழுபதைத் தாண்டிய பிறகு கஸனாவ் எடுத்துக்கொண்டது இந்த மங்கலான பட்டையைத்தான். பழைய ஜேசன் தரவுகளைக் குழுவாக மறுபடி செயலாக்கி, கரைக்குச் சில கிலோமீட்டர் வரை கடல் மட்டத்தைச் சொல்லும் 756 கற்பனை நிலையங்களை 2022-இல் வெளியிட்டார்கள்.

இந்தப் பட்டையில் மில்லிமீட்டர்களோடு வேறு கணக்குகளும் கலந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல்லணை கட்டியபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கரை தேய்ந்துகொண்டே போனது. அங்கே வீடும் தெருவும் கடலுக்குள் போனதற்கு, உயரும் கடல் மட்டத்தின்மேல் மட்டும் பழியைப் போடுவது வசதியானது. பருவநிலைக்கு முகவரி கிடையாது, யாரும் போய் வாசலில் நிற்க முடியாது. துறைமுகத்துக்கு முகவரி உண்டு. எவ்வளவு கடல் ஏறியது, எவ்வளவு மணல் பறிபோனது, எவ்வளவு நிலம் இறங்கியது என்று பிரித்துக் கேட்க இந்தக் கருவிகளின் எண்கள்தான் நமக்கு வேண்டும். கஸனாவ் செய்த அதே பிரித்தல், ஒரு குப்பத்தின் அளவில்.

அந்தக் கரையில் இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். படகு ஏற்ற மணல் இல்லாதது ஆண்களின் பிரச்சினையாகப் பேசப்படுகிறது, சில நேரம் செய்தியிலும் வருகிறது. மீனைக் காயவைக்கவும் வலையோரம் உட்கார்ந்து தரம் பிரிக்கவும் பெண்களுக்கு இருந்த மணல் அதோடு சேர்ந்து போனது. கருவாடு சாலையோரத்தில் காய்கிறது. லாரி போகும் பக்கம் பார்த்து, ஒருத்தி தார்ப்பாயின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறாள்.